வெளிச்சம் பட்ட இருபத்து மூன்று படங்கள்

"கறுப்பா இருக்கிற பிலிமுக்குள்ளகூடப் பாக்கிற மெஷின் எது அக்கா?" என்று தம்பி கேட்டான். பெரியவள் அதைக் காதில் வாங்காதவள்போல ஒரு ஸ்கேனரின் மூடியைத் திறந்து மூடினாள்.

கடையின் மாடியில், கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நீள மேஜை. அதன்மேல் மூன்று இயந்திரங்கள். முதலாவது, இரண்டு கையால் அள்ளித் தூக்கிவிடலாம் போன்ற சின்னப் பெட்டி. நெகட்டிவை ஒரு பக்கம் செருகினால் இரண்டே விநாடியில் மேலே உள்ள குட்டித் திரையில் படம் தெரியும். இரண்டாவது, காகிதத்தையும் பிலிமையும் படுக்க வைத்துப் பார்க்கும் பெரிய தட்டு, மூடிக்குள் விளக்கு. மூன்றாவது, பிலிமுக்கு மட்டுமே என்று செய்த கறுப்பு இயந்திரம். ஒரு படத்துக்கு நான்கு நிமிடம் எடுக்கும். கனம் வேறு.

"மேடம், இந்த மூணாவது பீஸ் இருக்கே, இது ஸ்கேனர் இல்ல, எங்க மாமியார்" என்றார் கடைக்காரர். "ரொம்ப மெதுவா வேலை பாக்கும். ஆனா எதுவும் இதுக்குத் தப்பாது."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எதுவும் தப்பாது என்பது உண்மை. கடைக்காரரைவிட அவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஓர் அச்சகத்தின் படப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். இப்போது அந்தப் பிரிவுக்கே அவள்தான் தலைமை. வீட்டில் எதை வாங்குவதானாலும், அதன் வாலில் ஒரு பிளக் இருந்தால், "பெரியவளைக் கேளு" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எலக்ட்ரீஷியனான தம்பியே அப்படித்தான். ஒயரை இழுப்பது அவன் வேலை, பொருளைத் தேர்ந்தெடுப்பது அவள் வேலை. அந்த நம்பிக்கையில்தான் அம்மாவின் அலமாரியில் கிடக்கும் நெகட்டிவ்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று அவளைக் கடைக்குக் கூட்டி வந்திருந்தான்.

"சொல்லுக்கா. யூனியன் ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு. வெளிச்சம் பட்டுக் கறுத்துப்போன பிலிமா இருந்தாலும் நல்ல மெஷின்ல போட்டா உள்ள இருக்கிறது கொஞ்சமாவது தெரியுமாமே?"

அவன் எந்தப் பிலிமைச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தில் வெளிச்சம் பட்ட பிலிம் ஒன்றே ஒன்றுதான்.

"அதெல்லாம் பெட்டிமேல எழுதி விக்கிறதுடா" என்றாள். "கறுப்புன்னா கறுப்புதான். நம்ம வேலைக்கு இந்தச் சின்னதே போதும்."

கடைக்காரர் வாயைத் திறந்தார். பெரியவள் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"நீ சொன்னா சரிக்கா" என்றான் தம்பி. அவ்வளவுதான். மறுபேச்சு இல்லை. சின்னப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் இறங்கிப் போனான். பெரியவள் பின்னால் ஒவ்வொரு படியாக இறங்கினாள். படிகள் முடியவே முடியாதுபோல் இருந்தது.

*

தம்பிக்குப் பெயர் 'வெளிச்சம்'. வீட்டில் வைத்த பெயர் வேறு. அது ரேஷன் அட்டையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டுமே உயிரோடு இருந்தது. வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள், எலக்ட்ரீஷியன் என்பதால் அந்தப் பட்டப்பெயர் என்று நினைத்தார்கள். அவனும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டான். கடை போர்டில்கூட 'வெளிச்சம் எலக்ட்ரிகல்ஸ்' என்றே எழுதி வைத்திருந்தான். ஆனால் பெயர் வந்தது ஏழு வயதில். தொழில் வந்தது பத்தொன்பது வயதில்.

கதை இதுதான். அப்பாவிடம் ஒரு கேமரா இருந்தது. வீட்டுப் படங்களையெல்லாம் எடுத்தவர் அவர். அதனாலேயே ஒரு படத்திலும் அவர் இல்லை. அலுவலக அடையாள அட்டையில் ஒட்டிய படம் ஒன்று உண்டு. அதில் யாரோ திட்டி முடிக்கும்வரை காத்து நிற்பவர்போல இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குப் போனபோது அம்மாதான் கேமராவைப் பிடுங்கினாள். "இன்னைக்கு நான் எடுக்கிறேன். நீங்க நில்லுங்க" என்று, முன்னே பின்னே பழக்கம் இல்லாமலே வரிசையாக அடித்துத் தள்ளினாள். எல்லாம் அப்பா. சிரிக்கிற அப்பா, வேண்டாம் என்று கையை நீட்டுகிற அப்பா. மதியம் சாப்பிட்டு முடித்ததும் அம்மாவின் கைப்பையைத் தலையில் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டு நாக்கை நீட்டிய அப்பா. பெரியவளுக்கு அப்போது வயது பத்து. இரண்டு நாளுக்கு முன்னால் இஸ்திரிப் பெட்டியை வலது கால் பெருவிரலில் போட்டுக்கொண்டு கட்டுடன் நொண்டிக்கொண்டிருந்தாள். கைப்பையைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் விரல் வலிகூட மறந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து அப்பா அலுவலகத்தில் நாற்காலியிலிருந்து சரிந்தார். வீட்டுக்கு அவரைக் கொண்டுவந்தார்கள், அவர் வரவில்லை.

சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று அம்மா கேமராவை ஸ்டூடியோவுக்கு எடுத்துப்போனாள். சுருளில் இன்னும் இடம் மிச்சம் இருந்தது. ஸ்டூடியோக்காரர் இரண்டு நாள் கழித்து ஒரு பழுப்பு உறையைக் கொடுத்து, "யாரோ கேமராவோட பின்பக்கத்தைத் திறந்துட்டாங்கம்மா. வெளிச்சம் பட்டு எல்லாம் போச்சு. இருபத்து மூணும் கறுப்பு. கடைசியில ஒண்ணு மட்டும் ஏதோ தரை மாதிரித் தெரியுது, அதை பிரிண்ட் போடலை" என்றாராம்.

அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "கேமராவை யார் திறந்தது?"

தம்பி, ஏழு வயது, உடனே சொல்லிவிட்டான்: "நான்தாம்மா அந்தக் குமிழை இழுத்தேன்."

இழுத்தது உண்மை. ஏரிக்கரையில் போய் இறங்கியதும், காலையில், அம்மா ஒரு படம்கூட எடுப்பதற்கு முன்னால், கேமராவின் மேலே இருந்த குமிழைப் பிடித்து இழுத்தான். "டேய்! அதை இழுக்காதே!" என்று அப்பா கத்தியதை எல்லாரும் கேட்டார்கள். குமிழ் அசையக்கூட இல்லை. ஆனால் எது திறப்பது, எது திறக்காதது என்று அவனுக்கு என்ன தெரியும்? அப்பா கத்தினாரே, அது போதாதா?

அம்மா அறைந்தாள். ஒரே ஒரு அறை. அதற்கு முன்னும் பின்னும் அவள் பிள்ளைகள்மேல் கை வைத்ததில்லை.

செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள். குமிழை முழுசாக இழுத்தால் பின்கதவு 'டப்' என்று திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஏரிக்கரையிலிருந்து திரும்பிய சாயங்காலம், தம்பி தூங்கிக்கொண்டிருந்தபோது, அவள்தான் இழுத்தாள். கைப்பைத் தொப்பி அப்பாவை முதல் ஆளாகப் பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு சுருள் மட்டும் இருந்தது. படம் இல்லை. மேலே எண் காட்டும் சின்னக் கண்ணாடிக்குள் இருபத்து மூன்று என்று நின்றிருந்தது சர்ரென்று ஆரம்பத்துக்கு ஓடிப்போனது. அதைப் பார்த்ததும் ஏதோ கெட்டுவிட்டது என்று புரிந்து கதவை அழுத்தி மூடினாள்.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். தம்பியின் கன்னத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். பதினாறாம் நாள் கழித்து என்று இருந்தாள். பரீட்சை முடியட்டும் என்று இருந்தாள். அதற்குள் தாய்மாமா ஒருவர், வீட்டின் இறுக்கத்தைக் குறைக்கிறேன் என்று, "வாடா வெளிச்சம்! உள்ளே விட்டியே வெளிச்சம், அதைக் கொஞ்சம் வெளியே விடக் கூடாதா?" என்று கேலி செய்தார். அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அப்பா போனபிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்? பெயர் நிலைத்துவிட்டது.

முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு தம்பி ஒரு கேமராவைக் கையால் தொட்டதில்லை. கல்யாண வீட்டில் யாராவது போனை நீட்டி "ஒரு படம் எடுங்க" என்றால், "என் கையில குடுக்காதீங்க, ராசி அப்படி" என்று சிரித்துக்கொண்டே பின்வாங்குவான்.

*

படச்சுருளின் சூட்சுமம் தெரிந்தவர் அந்த வீட்டில் பெரியவள் ஒருத்திதான். எடுத்து முடிந்த படங்கள் கேமராவுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொள்ளும். கதவைத் திறந்தால் அந்தச் சுற்றின்மேல்தான் வெளிச்சம் படும். வெளிச் சுற்று பாழாகும். உள்ளே அமுங்கிக் கிடக்கும் முதல் சில படங்களுக்கு வெளிச்சம் கசிந்துதான் வரும். அவை வெறும் கண்ணுக்குத்தான் கறுப்பு. பலமான விளக்கும் நுணுக்கமான கண்ணும் உள்ள இயந்திரத்தில் போட்டால் அந்தக் கறுப்புக்குள்ளிருந்து முகத்தைப் பிடித்து இழுத்துவிடலாம். அச்சகத்தில் எத்தனையோ கறுத்த பிலிம்களிலிருந்து அவளே இழுத்திருக்கிறாள்.

அச்சகத்தில் அப்படி ஒரு இயந்திரம் பன்னிரண்டு வருடம் இருந்தது. ஒரு மதிய இடைவேளை போதும். அவள் அந்தப் பழுப்பு உறையை ஒருநாளும் எடுத்துப் போகவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் அந்த இயந்திரத்தை எடைக்குப் போட்டபோது, யாரோ சுமையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. அப்படி இருந்ததற்காக அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏனென்றால் இன்னொரு சூட்சுமமும் உண்டு. காலையில், படம் எடுப்பதற்கு முன்னால் கதவு திறந்திருந்தால், பின்னால் எடுத்த படங்கள் எல்லாம் தப்பித்திருக்கும். கறுப்புக்குள்ளிருந்து அப்பா ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டால் போதும், படம் எடுத்த பிறகுதான் வெளிச்சம் பட்டது, திறந்தது தம்பி இல்லை என்று ஆகிவிடும். மின்சாரம் படித்தவன், முடிச்சை அவிழ்க்க அவனுக்கு அரை நிமிடம் ஆகாது. அப்பாவின் முகம்தான் சாட்சி. அந்தச் சாட்சியைத்தான் அவள் உறைக்குள் போட்டு வைத்திருந்தாள்.

பத்து வயதில் வாயைத் திறக்காதது ஒரு கணக்கு. நாற்பத்தைந்து வயதில், கடை மாடியில் நின்று, வாயைத் திறந்து பொய் சொன்னது வேறு கணக்கு. கடைக்குப் போய்வந்த பிறகு மூன்று வாரமும் எதைப் பார்த்தாலும் தம்பியின் குரல்தான்: "நீ சொன்னா சரிக்கா." அச்சகத்தில் ஒரு மருந்துக் கம்பெனி அட்டையை நிறம் மாற்றி அனுப்பிவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

*

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் சாப்பாட்டு மேஜையில் சின்னப் பெட்டி உட்கார்ந்திருந்தது. தம்பி காலையிலிருந்தே நெகட்டிவ்களைச் செருகிக்கொண்டிருந்தான். கேமராவைத் தொடாதவன், இதைப் புது பொம்மை கிடைத்த பிள்ளைபோல விடவில்லை. பெட்டியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து டிவியில் மாட்டியிருந்தான். ஒவ்வொரு படமும் சுவரளவுக்கு வந்தது.

"அம்மா, இங்க பாரு, அக்காவுக்கு முன்பல் ரெண்டும் இல்லை!"

"அந்தப் பல்லு விழுந்ததுக்கு அவ பண்ணின ஆர்ப்பாட்டம் எனக்குத்தான் தெரியும்" என்றாள் அம்மா. அவள் சன்னலோரம் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கண் அத்தனை தெளிவில்லை. டிவியில் என்ன வந்தாலும் "என்னடா அது?" என்று கேட்டுத்தான் சிரிப்பாள்.

பெரியவள் தம்பிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். சரி, இன்றைக்கு முடிந்துவிடும். அந்த உறையையும் போட்டுப் பார்ப்பான், வெள்ளையாக வரும், இனி யாரும் அதைத் தொட மாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியாகத்தான் பழுப்பு உறையை எடுத்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். முதல் துண்டைச் செருகினான்.

டிவியில் வெள்ளை. நெகட்டிவில் கறுப்பு என்றால் படத்தில் வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. மூன்றாவதில் புகைபோல ஏதோ அசைந்தது. தம்பி நாற்காலியை முன்னால் இழுத்தான். சின்னப் பெட்டி அதையும் வெள்ளையாக்கி முடித்தது.

"இன்னொரு தடவை போடுறேன்." போட்டான். திருப்பிப் போட்டான். டார்ச்சை எடுத்துப் பின்னாலிருந்து அடித்தான். "கொஞ்சம் தெரியுற மாதிரி இருக்குல்லக்கா?"

"இல்லடா."

"சரி விடு. நீதான் அன்னைக்கே சொன்னியே." ஆனாலும் விடவில்லை. ஏழு, எட்டு, பதினைந்து, இருபது என்று ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினான். அம்மா ஊசியை நிறுத்திவிட்டாள். இருபத்து மூன்றும் வெள்ளை.

"அவ்வளவுதாம்மா" என்று சொல்லிக்கொண்டே கடைசிக் கட்டத்தைத் தள்ளினான்.

டிவியில் பளிச்சென்று ஒரு படம் வந்து நின்றது.

தரை. கட்டம் போட்ட தரை. இதே வீட்டுத் தரை. ஒரு ஓரம் மட்டும் வெளுத்திருந்தது. மீதியெல்லாம் நேற்று எடுத்ததுபோல. நடுவில் ஒரு சின்னக் கால். பெருவிரலைச் சுற்றித் துணிக்கட்டு, அதன் முடிச்சு முயல் காதுபோல இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு.

பெரியவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கதவை மூடியதும், கேமரா இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க, கீழே பிடித்தபடியே ஒரு தடவை சுற்றி அமுக்கினாள். இத்தனை வருடத்தில் அது அவள் நினைவில் இல்லை. சுருளுக்குள் மீந்திருந்த புதுப் பிலிம், வெளிச்சமே படாத பிலிம். எந்தச் சின்னப் பெட்டியும் அதைக் காட்டிவிடும். அப்பாவின் முகம் வராதபடி பார்த்துப் பார்த்து அவள் தேர்ந்தெடுத்த இயந்திரம், அவள் காலை மட்டும் தெளிவாகக் காட்டிக்கொண்டிருந்தது.

"யார் காலு இது?" என்றான் தம்பி. ஒரு கணம் பார்த்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "என் காலாத்தான் இருக்கும்! பாரு, ஏரிக்கரையில இழுத்தது பத்தாதுன்னு வீட்டுக்கு வந்து ஒரு படமும் எடுத்துப் பாத்திருக்கேன். ஏழு வயசுல என்ன தைரியம் பாருக்கா! எனக்கு ஞாபகமே இல்லை."

மேஜைக்கு அடியில் பெரியவள் தன் வலது காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்த விரலின் நகம் இன்றைக்கும் கோணலாகத்தான் வளர்கிறது.

"என்னடா வந்திருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"காலும்மா. கட்டு போட்ட காலு."

"உனக்கு எப்போடா காலுல கட்டுப் போட்டோம்?" அம்மா கண்ணாடியைத் தேடினாள். மடியைத் தடவினாள். சன்னல் திண்டைத் தடவினாள்.

கண்ணாடி, நூல்கண்டுக்குப் பின்னால் இருந்தது. பெரியவளுக்கு அது தெரிந்தது. அம்மாவின் கை அதை எட்ட இன்னும் ஒரு சாண். பேசாமல் இருந்தால்கூட நடக்கும். தம்பி ஏற்றுக்கொண்டாயிற்று. எழுபது வயது அம்மாவுக்கு முயல் காது முடிச்சு ஞாபகம் இருக்குமா, இருக்காதா?

"அது என் காலும்மா" என்றாள்.

அம்மாவின் கை சன்னல் திண்டிலேயே நின்றது.

"இஸ்திரிப் பெட்டி விழுந்துச்சே, அந்தக் கட்டு. கேமராவைத் திறந்தது நான்தான். ஏரிக்கரையிலேருந்து வந்த சாயங்காலம். இவன் தூங்கிக்கிட்டிருந்தான். இவன் இழுத்தப்ப அது திறக்கவே இல்லை."

தம்பி டிவியைப் பார்த்தான். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். முகத்தில் கோபம் இல்லை; கணக்குத் தப்பிப்போனவன் மறுபடி கூட்டிப் பார்ப்பதுபோல உதடு அசைந்தது. "சின்னப் பிள்ளைதானே, பயந்திருப்பே" என்றுகூடச் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரியவளால் நிறுத்த முடியவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. இந்த மெஷினால முடியாது. முடியுற மெஷின் இருக்கு. அந்த மூணாவது."

"எந்த மூணாவது?"

"கடையில. நாலு நிமிஷம் ஆகும்னாரே."

அவன் மெதுவாகத் திரும்பினான். "உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நான் கேட்டேன்ல? கறுப்புக்குள்ள பாக்க முடியுமான்னு வாயைத் திறந்து கேட்டேன்ல?"

"கேட்டே."

"எனக்காகக் கேட்டேன்னு நெனச்சியா? அம்மாவுக்கு அப்பா முகத்தைக் காட்டணும்னு கேட்டேன். நான் கெடுத்ததை நானே திருப்பிக் குடுத்துடலாம்னு..." சட்டென்று எழுந்து, சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி வைத்தான். தொழில் பழக்கம், கோபத்திலும் போகவில்லை. "பத்து வயசுல பண்ணினதை நான் கேக்கலை. மூணு வாரத்துக்கு முன்னாடி பண்ணினே பாரு."

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இவ்வளவு பேச்சில் ஒரு தடவைகூட அவன் 'அக்கா' என்று சொல்லவில்லை. பிறந்து பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவன் அந்தச் சொல் இல்லாமல் அவளிடம் ஒரு பேச்சை முடித்ததில்லை.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். டிவி அணைந்திருந்தது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"அவனை அடிச்சேனே அன்னைக்கு, நீ எங்க நின்னே?"

"செருப்பு ஸ்டாண்டு பக்கத்துலம்மா."

அம்மா தன் வலது கையைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு சட்டையை எடுத்து விட்ட இடத்தில் ஊசியைக் குத்தினாள்.

"போய் அந்த மெஷினை மாத்திட்டு வா" என்றாள்.

*

திங்கட்கிழமை மதிய இடைவேளையிலேயே மாற்றிவிட்டாள்.

"நான் அன்னைக்கே வாயைத் திறந்தேன் மேடம், நீங்கதான் முறைச்சீங்க" என்றார் கடைக்காரர். "மாமியாரை வீட்டுக்குக் கூட்டிப் போறீங்க. பொறுமையா இருங்க, அவசரப்படுத்தாதீங்க."

தம்பியைப் போனில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை எடுக்கவில்லை. புதன்கிழமை அம்மா வீட்டு மேஜையில் கறுப்பு இயந்திரத்தை வைத்து, கம்ப்யூட்டரோடு இணைத்து, தன்னுடைய பழைய நெகட்டிவ் ஒன்றைப் போட்டு எல்லாம் சரிபார்த்தாள். பழுப்பு உறையைத் தொடவில்லை. இயந்திரம் தயாராக இருந்தது, பிலிம் பக்கத்திலேயே இருந்தது, கை துடித்தது. அப்பா முகத்தை முதல் ஆளாகப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் ஒரு தடவை எல்லாம் போனது. அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம், பெரியவள் எதிரில் இருக்கும்போதே, அம்மா போனை எடுத்தாள். "டேய், ஹால்ல லைட் எரியலைடா. இருட்டா இருக்கு. தடுக்கி விழுந்தா யார் பாக்கிறது?"

கால்மணி நேரத்தில் வந்துவிட்டான். அக்காவைப் பார்த்தான், பார்க்காததுபோல ஸ்டூலைப் போட்டு ஏறினான். பல்பைத் தொட்டான். அது கையோடு கழன்று வந்தது.

"யாரும்மா இதைக் கழட்டிவிட்டது?"

"எனக்கென்ன தெரியும்? தானா கழண்டிருக்கும்."

"ஸ்டூல்ல ஏறி இடுப்பை ஒடிச்சிக்கப் பாத்தியா?" என்று அம்மாவைத் திட்டிக்கொண்டே பல்பைத் திருகினான். வெளிச்சம் வந்தது. மேஜையில் கறுப்பு இயந்திரமும் பழுப்பு உறையும் தெரிந்தன. ஸ்டூலிலேயே கொஞ்ச நேரம் நின்றான். இறங்கி, நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தான். அவளுக்குப் பக்கத்தில் அல்ல, எதிரில்.

"எத்தனை நிமிஷம்?"

"ஒண்ணுக்கு நாலு" என்றாள். "முதல்ல எடுத்ததுதான் உள்சுத்துல இருக்கும். அங்க வெளிச்சம் கம்மி. அதுலேருந்து ஆரம்பிக்கிறேன். வராமலும் போகலாம். எவ்வளவு நேரம் திறந்து வெச்சிருந்தேன்னு எனக்கே தெரியாது."

"போடு."

இயந்திரம் முனகியது. நிற்கும், யோசிக்கும், இன்னொரு கோடு நகரும். திரையில் மேலிருந்து கீழாக வெள்ளை இறங்கியது. அவள் விளக்குத் திரியை ஏற்றி இறக்குவதுபோல எண்களை மாற்றினாள். வெள்ளை சாம்பலானது. சாம்பலுக்குள் ஒரு முதுகு. சட்டைக் காலர். பின்மண்டை.

"யாருடா அது?" என்றாள் அம்மா.

"அப்பாதான். முதுகு."

"அவர் திரும்பவே மாட்டேன்னாருடா. நான் கத்துறேன், கத்துறேன், நடந்துக்கிட்டே இருக்காரு."

இரண்டாவதில் பாதித் தலையும் நிறைய வானமும். "அம்மா எடுத்த லட்சணம்" என்றான் தம்பி, பற்களுக்கிடையே. பெரியவள் சிரிக்கலாமா என்று தெரியாமல் திரையையே பார்த்தாள்.

மூன்றாவது படத்துக்கு அம்மா நாற்காலியை நகர்த்தி மிக அருகில் வந்துவிட்டாள். ஹால் விளக்கு திரையில் பட்டுப் பளபளத்தது.

"டேய் வெளிச்சம், அந்த லைட்டை அணைடா, கண்ணுல..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

இயந்திரம் இன்னொரு கோடு நகர்ந்தது.

"விடும்மா" என்றான் தம்பி. "அந்தப் பேர்லதான் போர்டே மாட்டியிருக்கேன். இனிமே மாத்தினா கூப்பிடுறவனுக்கு ஆள் தெரியாது." சிரிக்கவில்லை. எழுந்து போய் விளக்கை அணைத்தான். திரும்பி வந்தவன் எதிர் நாற்காலி வரைக்கும் போகவில்லை. இருட்டில் கைக்கு அகப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தான். அது அவளுக்குப் பக்கத்து நாற்காலி.

திரையில் ஒரு நெற்றி வந்தது. புருவம் வந்தது. மணல் தூவியதுபோல ஒரே புள்ளி. பாதிக் கன்னம் வெளுத்துக் கரைந்திருந்தது. ஆனால் கண் இருந்தது. வேண்டாம் என்று நீட்டிய கைக்கு மேலே, சிரிப்பை அடக்க முடியாத கண்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தடவை அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. விரலைக் கொண்டுபோய்த் திரையின்மேல் வைத்தாள். வலது கை.

தம்பி மூக்கை உறிஞ்சினான். கைப்பைத் தொப்பிக்கு இன்னும் எத்தனையோ படங்கள் இருந்தன. அதுவரைக்கும் வருமோ, வழியிலேயே வெள்ளையாகிவிடுமோ, பெரியவளுக்கே தெரியவில்லை.

"அக்கா" என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுத்ததைப் போடு."

அவள் பொத்தானைத் தேடினாள். கண் மறைத்ததில் இரண்டு தடவை தவறான இடத்தில் அமுக்கி, மூன்றாவது தடவைதான் கிடைத்தது.